பழைய அங்காடிக்குப் புதிய வாழ்வு

ஒரு கட்டடத்தின் சிறப்பை அதன் தோற்றத்தால் மட்டும் அளத்தல் சாலாது. எத்தனை தலைமுறைக்குப் பயன்பட்டது என்பதாலும் அளத்தல் வேண்டும். வணிகம் குன்றி மூடப்பட்ட கடைத்தொகுதிகளை என் செய்வது என்னும் வினா இன்று பல நகரங்களில் எழுந்துள்ளது. இடித்துத் தள்ளுவதா? வேறொரு பயனுக்கு ஆக்கி வாழவிடுவதா? இதற்கு விடை காண விழைவார்க்கு, அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரின் நடுவே நிற்கும் 'ஆர்க்கேட்' என்னும் அங்காடி ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இவ்வங்காடி 1828ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ரசல் வாரன், ஜேம்ஸ் பக்லின் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் கிரேக்கக் கோயிலைப் போல இதனை வகுத்தனர். இரு தெருக்களை இணைக்கும் நடைவழி. இரு முகப்பிலும் கருங்கல் தூண்கள். மேலே கண்ணாடிக் கூரை. மூன்று தளங்களிலும் கடைகள். அழகிற்குக் குறைவில்லை. ஆயினும், படியேறிச் சென்று பொருள் வாங்குவார் அரியராயினர். கீழ்த்தளம் ஒருவாறு பிழைக்க, மேல்தளங்கள் மெலிந்தன. இறுதியில் 2008ஆம் ஆண்டில் அங்காடி மூடப்பட்டது.

மீண்டும் அது 2013இல் திறக்கப்பட்டபோது, கீழ்த்தளம் கடைகளாகவே நின்றது. மேலிரு தளங்களும் 48 சிறு வீடுகளாயின. இம்மாற்றத்தின் நுட்பம் யாது? வாங்க வந்தவன் ஏறத் தயங்கிய படியைக் குடியிருப்பவன் தயங்காது ஏறுவான். அது அவன் வீட்டுப் படியன்றோ! குறையின் காரணம் அறிந்து செய்த திருத்தம் இது.

எரிசக்திச் சிக்கனம் என்றதும் பலர் புதுப்புதுக் கருவிகளையே எண்ணுவர். ஆர்க்கேட் வேறொன்றைக் கற்பிக்கிறது. கல் அகழவும், செங்கல் சுடவும், சுமந்து வரவும் செலவான ஆற்றல் அச்சுவர்களில் முன்னரே அடங்கியுள்ளது. இடித்தால் அஃது அனைத்தும் வீண். புதிது கட்ட மீண்டும் செலவு. மேலும், ஒட்டியமைந்த சிறிய அறைகள் ஒன்றற்கொன்று காப்பாவதால், குளிர்காலத்தில் வெப்பம் வெளியே கசிவது குறையும். கண்ணாடிக் கூரை பகலில் நடைவழிக்கு ஒளி தருகிறது. நகர நடுவில் வாழ்பவர்க்குக் கார் இன்றியமையாததும் அன்று.

இனிக் குறையும் கூறுதல் வேண்டும். சிறிய வீடுகளின் பரப்பு ஏறத்தாழ 225 சதுர அடியே. மைக்ரோவேவும் குளிர்பதனப் பெட்டியும் உண்டு. சமையல் அடுப்பு இல்லை! அடுப்பில்லாத இடத்தை இல்லம் எனல் பொருந்துமோ? தனியொருவர் தங்கலாம், குழந்தையும் முதியோரும் கூடிய குடும்பம் தழைக்க அங்கு இடமில்லை. சிக்கனம் என்பது வீண்செலவைக் குறைப்பதேயன்றி வாழ்வைக் குறுக்குவதாகாது. சில சுவர்களை நீக்கிக் குடும்பங்களுக்கும் இடமளித்திருப்பின் இப்பணி முழுமை பெற்றிருக்கும் என்பது எம் கருத்து.

இவ்வாய்வு நமக்கும் வேண்டுவதே. சிங்கப்பூரில் 1985இல் திறந்த ஃபூனான் கடைத்தொகுதி 2016இல் மூடி இடிக்கப்பட்டது. 2019இல் கடைகளும் அலுவலகங்களும் தங்குமிடமும் மாடித்தோட்டமும் கொண்ட புதுக்கட்டடமாக எழுந்தது. வீடும் கடையும் அலுவலகமும் ஒருங்கே கொண்டு 1973இல் நிறைவுற்ற கோல்டன் மைல் காம்ப்ளெக்சோ, 2021இல் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. முன்னது புதுமையின் வழி. பின்னது பேணுதலின் வழி. பசுமை என்பது மாடியில் வளரும் செடியளவில் நிற்பதன்று. இடிக்காது விட்ட சுவரும் பசுமையே. இக்கணக்கையும் சேர்த்துப் பார்த்த பின்னரே இடிப்பதற்கு முடிவு செய்தல் அறிவுடைமையாம்.