கலைஞர் கட்டத்தில் ஆயா

போன வருஷம் வெள்ளிமலையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணா, எங்க ஆயா பாடினத ரெக்கார்ட் பண்ணீங்கல்ல, அத அனுப்ப முடியுமா? ஆயா தவறிட்டாங்க."

கல்வராயன் மலையிலும் கீழே கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களிலும் பதிவு செய்த 43 கோப்புகள் என்னிடம் இருந்தன. எல்லாவற்றிலும் கலைஞர் கட்டத்தில் 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்', வகை 'ஃபோக்'. பாடினவர்கள் எல்லோரும் என் முன்னால் உட்கார்ந்து பேர் சொல்லிவிட்டுத்தான் பாடினார்கள். அவர்களைத் தெரியாதவர்களாக்கியது நான்.

அதற்குப் பிறகுதான் ஆடியோ டேக்கை ஒரு பிரதியாக வாசிக்க ஆரம்பித்தேன். 1996இல் எரிக் கெம்ப் உருவாக்கிய ஐடி3யின் முதல் வடிவம், எம்பி3 கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்ட 128 பைட். தலைப்பு, கலைஞர், ஆல்பம் ஒவ்வொன்றுக்கும் 30 பைட், வருஷத்துக்கு 4, வகைக்கு 1. பாட்டு என்றால் ஒரு கலைஞர் ஒரு ஆல்பத்துக்காகப் பாடியது என்ற கருத்து இதற்குள் இருக்கிறது. முதல் வகைப் பட்டியலில் 80 பெயர்கள். போல்கா உண்டு, டெத் மெட்டல் உண்டு, 'எத்னிக்'கும் உண்டு. 'ஃபோக்' இல்லை, வினாம்ப் பட்டியலை நீட்டியபோதுதான் அது வந்தது. எங்கள் ஊர் ஒப்பாரிக்கு அந்தப் பட்டியலில் கிடைத்திருக்கக்கூடிய இடம் 'எத்னிக்'தான். அதாவது, யாரோ வேற்று ஆட்களின் சத்தம்.

சினிமாப் பாட்டுக்கே இந்த அச்சு சரியாகப் பொருந்தவில்லை. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் மூவரில் யார் கலைஞர்? டவுன்லோடு செய்த பழைய எம்பி3க்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஏதாவது இணையதள முகவரிதான் இருக்கும்.

1998இல் தொடங்கிய இரண்டாம் வடிவத்தில், நாமே பேர் வைத்து நாமே நிரப்பும் கட்டத்துக்கு இடம் வந்தது. எம்பி3டேக் மென்பொருளில் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+டி அழுத்தினால் விரிவான பட்டியல் திறக்கும். அங்கே புதுக் கட்டம் சேர்க்கலாம். நான் நான்கு சேர்த்தேன்: பாடியவர், சந்தர்ப்பம், யாருக்காக, அனுமதி. ஒப்பாரி ஒரு ஆளுக்காகப் பாடப்படுவது. அந்த ஆளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ராகம் மட்டும். அதனால் 'யாருக்காக'. சிலர் "பேர் போடாதீங்க தம்பி" என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த வெற்றிடம் அவர்கள் முடிவு. என் சோம்பலால் வந்த வெற்றிடத்தோடு அது கலந்துவிடக் கூடாது. அதனால் 'அனுமதி'.

ஃப்ளாக் கோப்புகளில் இன்னொரு வேடிக்கை. அவை பயன்படுத்தும் வோர்பிஸ் முறையில் கட்டத்துக்குள் தமிழில் எழுதலாம்; கட்டத்தின் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும்தான். பதிலைத் தமிழில் சொல்லலாம், கேள்வியைத் தமிழில் எழுத முடியாது.

நான்கு கட்டங்களையும் செய்துமுடித்த நிறைவோடு ஒரு கோப்பை போனில் போட்டுப் பார்த்தேன். திரையில் அதே 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்'. பெரும்பாலான பிளேயர்கள் நாம் சேர்த்த கட்டங்களைக் காட்டுவதில்லை. அப்போதுதான் என் தவறு உறைத்தது. சினிமாப் பாடகிக்குக் 'கலைஞர்' கட்டம், மலையில் களையெடுத்துக்கொண்டே பாடினவருக்குப் 'பாடியவர்' என்று தனிக் கட்டமா? முன்வாசல் திறந்தே இருக்க, நான் மெனக்கெட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு வாசல் வைத்திருக்கிறேன்.

அச்சில் இல்லாததற்குத்தான் புதுக் கட்டம் வேண்டும். சந்தர்ப்பம், யாருக்காக, அனுமதி மூன்றும் அப்படி. கலைஞர் என்ற இடமோ ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொடுக்க நமக்கு மனசு வரவில்லை. நாட்டார் பாடல் தொகுப்புகளில் 'பாடியவர்: ஒரு மூதாட்டி' என்று வாசிக்கும்போது இனி எனக்குக் கோபம் வரும். முதல் கோபம் என் மேல்.

'பாடியவர்' கட்டத்தை அழித்தேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கேட்டு, பேர் பிடிபடாத ஏழு கோப்புகளைத் தம்பிக்கு அனுப்பினேன். "மூணாவது," என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கலைஞர்னு ஆயா பேரப் போடட்டுமா?"

"போடுங்கண்ணா. முழுப் பேரா போடுங்க."