‘நசிர்’ திரைப்படத்தில் வீடு: அடைக்கலமும் அச்சமும்

சோதனைத் திரைப்படங்களில் வீடு இளைப்பாறும் இடமாக மட்டும் அமைவதில்லை. மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹமீதும் 1943இல் எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ குறும்படத்தில் சாவி கத்தியாகிறது. பழகிய வீடே பெண்ணுக்குப் பகையாகிறது. சாந்தல் அகெர்மனின் ‘ழான் தீல்மன்’ (1975) படத்தில் வீட்டுவேலையின் ஒழுங்கு குலைகையில் வன்முறை வெளிப்படுகிறது. இரண்டிலும் அச்சம் வீட்டினுள்ளிருந்தே எழுகிறது.

திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’ சிறுகதையைத் தழுவி அருண் கார்த்திக் இயக்கிய ‘நசிர்’ (2020) இவற்றினின்று வேறுபடுகிறது. கோயம்புத்தூர்த் துணிக்கடையொன்றில் பணிபுரியும் இசுலாமியர் ஒருவரின் ஒருநாள் வாழ்வே இப்படம். 4:3 அளவிலான, முனை மழுங்கிய சட்டகம் அவரது நெருக்கடியான வீட்டைப் பழைய குடும்பப் புகைப்படம்போலக் காட்டுகிறது. நோயுற்ற தாய், மனைவி, வளர்ப்புச் சிறுவன் ஆகியோர்மீது அவர் கொண்ட பரிவே அவ்வீட்டின் ஆறுதல். ஆயின், தெருவில் ஒலிபெருக்கியின் வெறுப்புப் பேச்சு அவரைத் தொடர்கிறது. காட்சியில் அமைதியும் ஒலியில் பகையும் ஒருசேர இயங்குகின்றன. இறுதியில், இரவில் வீடு திரும்பும் வழியிலேயே கும்பல் அவரைக் கொல்கிறது.

நசிரை மாசற்ற நல்லவராகவே படைத்திருப்பது ஒரு வினாவை எழுப்புகிறது: நல்லவராக இருந்தால்தான் அவர் இரக்கத்திற்கு உரியவரா? இவ்விடத்தில் படம் சற்றே எளிமைப்படுகிறது. எனினும், திரும்பிச் செல்லும் வழி காக்கப்படாதவிடத்து வீடும் அடைக்கலமாகாது என்பதைச் சட்டகத்தாலும் ஒலியாலும் அது நிறுவுகிறது.