எடுப்பு

விழுப்புரத்துத் துணிக்கடைகளில் நான் அதிகம் கேட்ட சொல் 'எடுப்பு'. "உங்க கலருக்கு இது எடுப்பா இருக்கும்க்கா" என்பார், காலையிலிருந்து நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண். எடுப்பு என்றால் பெரும்பாலும் மறைப்பு: கறுப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரிய வேண்டும், பருத்த உடம்பு ஒல்லியாகத் தெரிய வேண்டும்.

அலுவலகத்துக்குப் போனால் இந்த மறைப்பு விதியாகிவிடுகிறது. தமிழக அரசு 2019இல் தன் ஊழியர்களுக்கு இட்ட உடை ஆணையில் பெண்ணுக்குப் புடவை, அல்லது துப்பட்டாவுடன் சல்வார், சுடிதார். ஆணுக்குச் சட்டை, பேன்ட் அல்லது வேட்டி. மேல்துணி பெண்ணுக்கு மட்டும்.

திண்டிவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவளுக்கு என் அளவுகோல் வேறு. கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் அக்குளில் இறுக்கக் கூடாது. வியர்வை உறிஞ்சும் பருத்தி வேண்டும். முக்கியமாக, பாக்கெட். "லேடீஸுக்கு எதுக்கும்மா?" என்பார் தையல்காரர், விடாதீர்கள், போன் நுழையும் ஆழத்துக்குக் கேளுங்கள். பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் புத்தி இன்றைய ரெடிமேட் சுடிதாருக்கு இல்லை.

நிறமா? எனக்கு அரக்குச் சிவப்பு பிடிக்கும். அதில் என் கறுப்பு நன்றாகவே தெரிகிறது.