தத்துவ போதகர் எந்தத் தெருவில் குடியேறினார்?

வேறு நாட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பாராட்ட நம்மிடம் ஒரு வாசகம் தயாராக இருக்கிறது. "அந்த ஊரோட ஊரா ஒட்டிக்கிட்டாரு" என்கிறோம். மதுரையில் இந்தப் பாராட்டை அதிகம் வாங்கியவர் இராபர்ட் டி நொபிலி. இத்தாலியில் 1577இல் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ஏசு சபைக் குரு. 1606இல் மதுரைக்கு வந்தார். 'தத்துவ போதகர்' என்று பேர் வைத்துக்கொண்டார். சோறு, உடுப்பு, பேச்சு எல்லாவற்றையும் நம்மைப் போல மாற்றிக்கொண்டார் என்று வாழ்க்கை வரலாறுகளும் இலக்கிய வரலாறுகளும் எழுதுகின்றன. 'பண்பாட்டுத் தழுவல்' என்று அதற்கு ஒரு கலைச்சொல்லும் உண்டு.

நான் கேட்பது சின்னக் கேள்வி. ஒட்டிக்கிட்டாரு, சரி. யாரோடு? மதுரையைச் சுற்றி எனக்குத் தெரிந்த ஒவ்வொரு ஊரும் ரெண்டு ஊர். ஊர் ஒன்று, சேரி ஒன்று. நொபிலி தழுவிய 'நம்மைப் போல' என்பதில் நாம் எங்கே இருக்கிறோம்?

அவர் வருவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியர் இருந்தார். பழைய படைவீரர். பெரிய படிப்பாளி இல்லை. கடற்கரையிலிருந்து வந்து தங்கியிருந்த பரதவர்களுக்கு ஊழியம் பார்த்தார், ஒரு சின்னப் பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்தினார். மேல்சாதிக்காரர் ஒருவரைக்கூட அவரால் மதம் மாற்ற முடியவில்லை என்று வரலாற்று நூல்கள் தவறாமல் குறித்துவைக்கின்றன. அதாவது அவர் தோற்றுப்போன வாத்தியார். நொபிலி அந்த வீட்டைவிட்டுப் பிராமணர் தெருப்பக்கம் குடிபோனார். காவி கட்டினார், பூணூல் போட்டார், பாதக்குறடு மாட்டினார். ஒருவேளைச் சாப்பாடு. சோறு, பால், காய்கறி மட்டும். சமைத்தவர் பிராமணர். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். பெர்னாண்டஸோடு வெளிப்படையாகப் பழகுவதைத் தவிர்த்தார். தான் பறங்கி அல்ல, உரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தவன் என்று எழுதி வெளியிட்டார்.

இந்தப் 'பறங்கி' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. அன்றைக்கு மதுரையில் பறங்கி என்றால் வெள்ளைத்தோல்காரன் என்று மட்டும் அர்த்தமில்லை. மாடு தின்கிறவன், சாராயம் குடிக்கிறவன், தீண்டக் கூடாதவர்களோடு சேருகிறவன். யோசித்துப் பாருங்கள், இது யாருடைய வர்ணனை? நம்ம சனங்க மேல் பூசிய அதே சாணியைத்தான் கடல் தாண்டி வந்தவன் மேலும் பூசினார்கள். பறங்கிக்கு ஒட்டியிருந்த தீட்டு நம்முடைய தீட்டு. அதைக் கழுவிவிட்டுத்தான் நொபிலி 'தமிழர்' ஆனார். அவருடைய தழுவலின் முதல் வேலை நம்மை உதறுவது. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் ஒருவேளைச் சாப்பாட்டைத் தியாகம் என்று எழுதும்போது, அந்தச் சாப்பாட்டை யார் சமைக்கக் கூடாது என்ற கேள்வியைத் தொடுவதில்லை.

அவருக்கும் ஒரு வாதம் இருந்தது. பூணூல், குடுமி, சந்தனம், சாதி எல்லாம் உலக வழக்கம், மதம் அல்ல என்றார். ஐரோப்பாவில் பிரபுக்களும் குடியானவர்களும் இருக்கிற மாதிரி இங்கே சாதி என்றார். பிரபு வீட்டுப் பிள்ளைக்குச் சாதியைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை! 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அந்த வாதத்துக்கு அனுமதி கொடுத்தார். அதே ஆணையின் கடைசியில், உயர்குடிப் பெருமை பேசுகிறவர்கள் தாழ்ந்தவர்களை வெறுக்க வேண்டாம், கோயிலில் அவர்களை ஒதுக்க வேண்டாம் என்று மன்றாடுகிறார். பூணூலுக்கு அனுமதி, நமக்கு மன்றாட்டு. 1640 வாக்கில் மற்றச் சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். நோயாளியைப் பார்க்கக் குருமார் பறையர் வீட்டுக்குள் போக வேண்டுமா என்பது உரோமாபுரி வரைக்கும் வழக்காக இழுத்தது. 1744இல் பறையர்களுக்கென்று தனிக் குருமாரை வைக்கிற ஏற்பாட்டுக்குப் பதினான்காம் பெனடிக்ட் சம்மதித்தார். எங்க ஊர்க் கோயிலில் நான் சின்னப்பயலாக இருந்தபோது எங்களுக்கு இடது பக்கம் ஒரு இறக்கம். ஏன் அங்கே என்று அத்தையிடம் கேட்டேன். "சாமியாருக எல்லாருக்கும் பொதுதான்டா, கோயில்தான் ரெண்டு" என்றாள். அந்த இறக்கத்தின் வயசு எனக்குப் புத்தகம் படித்தபிறகுதான் தெரிந்தது.

மொழிக்கு வருவோம். இலக்கிய வரலாற்றில் நொபிலிக்குத் தமிழ் உரைநடை முன்னோடி என்று இடம் உண்டு. இருக்கட்டும். 'ஞானோபதேசம்' எழுதியவர், உழைப்பாளி, அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் முத்துக்குளிப்புக் கரையில் அண்டிரிக் அடிகளார் பரதவர்களோடு இருந்து தமிழ் கற்றார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. கரையில் கடவுள் 'தம்பிரான்'. நொபிலியிடம் வந்ததும் அந்தத் தம்பிரான் 'சர்வேசுரன்' ஆகிவிட்டார். நொபிலியும் முதலில் கரையில் இருந்துதான் தமிழ் படித்தார். மதுரைத் தெருவுக்கு வந்ததும் அந்தத் தமிழ் போதவில்லை. பிறத்தியான் நம் மொழியைக் கற்றான் என்று புளகாங்கிதம் அடைகிற பேராசிரியர்கள், யார் வாயிலிருந்து கற்றான் என்று கேட்டால் அந்தப் புகழ்ச்சியில் பாதி உதிர்ந்துவிடும். 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த பாமாவின் 'கருக்கு' எந்தத் தமிழில் இருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கலாம் என்று கன்னியர் மடத்துக்குள் போனவர் அவர். உள்ளே போனபிறகு அதுவே அவருக்கு அயல்நாடாக இருந்தது. ஒட்டவில்லை, வெளியே வந்தார். ஒட்டாமல் போனதிலிருந்து ஒரு மொழி கிடைத்தது.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்களை யாரும் 'தமிழரானார்கள்' என்று பாராட்டுவதில்லை. கோட்டு, சப்பாத்து, பங்களா. வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். மலைக்கு அவர்களைச் சுமந்த தோள்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் இதே ஆட்கள்தான் 1847இல், சேர்ந்து உண்ண மறுத்துச் சாதியைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவெடுத்தார்கள். உபதேசியார்கள் பலர் போனார்கள், பசுமலைப் பள்ளியில் மாணவர்கள் வெளியேறினார்கள். பிறகு அவர்களுக்குள்ளும் சாதி திரும்பி வந்தது வேறு கதை. வெயிலைத் தாங்கியவர் சாதிக்கும் இசைந்துகொண்டார். வெயிலுக்கு மலையேறியவர்கள் சாதிக்கு ஒத்துப்போக மறுத்தார்கள். நம் அறிஞர்கள் முன்னவரை 'மண்ணோடு கலந்தவர்' என்றும் பின்னவர்களை 'அந்நியர்' என்றும் எழுதுகிறார்கள். இந்த 'மண்' யாருடைய பட்டாவில் இருக்கிறது?

அரசரடி இறையியல் கல்லூரியையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பிறந்து 1970களில் இங்கே கற்பிக்க வந்தவர் கப்ரியேல் டீட்ரிச். பெண்ணுரிமை இயக்கத்தில் குடிசைப் பெண்களோடும் கட்டட வேலைப் பெண்களோடும் நின்றார், இந்தியக் குடியுரிமையும் எடுத்துக்கொண்டார். அவர் வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் குடிபோகத் தேர்ந்தெடுத்த தெரு வேறு என்பது தெரிகிறது. அதே கல்லூரியில் கற்பித்தவர் பரட்டை அண்ணன் என்ற தியாபிலஸ் அப்பாவு. 2005இல் இறந்தார். பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். அப்பமும் ரசமும் என்ற சடங்கை அவர் 'ஒரு ஒலை' என்று மாற்றிச் சொன்னார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே ஒலையில் வேக வேண்டும், எல்லாரும் அதில் சாப்பிட வேண்டும். நொபிலியின் தனிச் சமையலுக்கு முன்னூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து மதுரையிலிருந்து போன பதிலாகவே இதை நான் வாசிக்கிறேன். 'உலை' என்று திருத்தாமல் 'ஒலை' என்றே வைத்தார் பாருங்கள், அதில் அவர் இலக்கணமும் இருக்கிறது.

அவருடைய பாட்டைப் பற்றி அமெரிக்காவிலிருந்து வந்த சோயி ஷெரினியன் 2014இல் ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். அந்த அம்மா வந்தது போதிக்க அல்ல. அப்பாவுவிடம் மாணவியாக உட்கார்ந்து, சேரியின் பாட்டும் பேச்சும் கேட்டுக்கொண்டு போய், அங்கே பல்கலைக்கழகத்தில் தன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்.