கன்னிவாடி அடிவாரத்தில் இலக்கும் கணக்கும்

தனிமனிதர் ஒருவர் தம் வாழ்வில் அடைய விரும்புவதைக் காலக்கெடுவோடு எழுதி வைத்து, அதை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை அவ்வப்போது குறித்துப் பார்க்கும் வழக்கம், நகரத்துப் பயிற்சி வகுப்புகளுக்கும் கைப்பேசிச் செயலிகளுக்கும் உரிய ஒன்றாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. தமிழகக் கிராமங்களுக்கு இவ்வழக்கம் வேறொரு வழியில், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்கள் வாயிலாக வந்து சேர்ந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், 1992இல் நபார்டு வங்கி முன்னோட்டமாகத் தொடங்கிய குழு, வங்கி இணைப்பும், 2005இல் வந்த புது வாழ்வுத் திட்டமும் அடுத்தடுத்து இந்தப் பழக்கத்தை ஊன்றின. இன்று குழுவின் வங்கிக் கடனுக்கு அடிப்படையாக 'நுண்கடன் திட்டம்' ஒன்று எழுதப்படுகிறது. ஒவ்வோர் உறுப்பினரும் தம் குடும்பத்தின் வரவு, செலவு, பழைய கடன் ஆகியவற்றைக் குழுவின் முன் வைத்து, கறவை மாடு, தையல் எந்திரம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மீட்க வேண்டிய நகை என எதற்கு எவ்வளவு தேவை, எப்போது திருப்பித் தர முடியும் என்று முடிவு செய்யும் ஏடு அது. பெயரளவில் கடன் ஆவணமாக இருந்தாலும், பல பெண்களைப் பொறுத்தவரை தம் விருப்பத்தைத் தம் பெயரில் எழுத்தில் கண்ட முதல் இடமும் அதுவே.

இவ்வழக்கத்தை எடைபோடத் திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடி பொருத்தமான இடம். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள இப்பேரூருக்கு மேலே, பன்றிமலை, ஆடலூர்ப் பகுதிகளில் காப்பியும் மிளகும் மலைவாழையும் பயிராகின்றன. கீழே மழையையும் கிணற்றையும் நம்பிய பருத்தியும் மக்காச்சோளமும் காய்கறியும் விளைந்து, காய்கறி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தை மழையும் சந்தை விலையும் பயிர் நோயும் முடிவு செய்யும் நிலத்தில், இலக்கு எழுதுவது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது வேறெங்கையும்விடத் தெளிவாகத் தெரியும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இப்பகுதியில் கள மையம் அமைத்து உழவர்களோடும் மகளிர் குழுக்களோடும் பணியாற்றியிருக்கிறது. அதன் வழிகாட்டுதலில் குழுப் பெண்கள் கற்றுக்கொண்ட தொழில்களுள் ஒன்று டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி உற்பத்தி. டிரைக்கோகிரம்மா என்பது காய்ப்புழு, தண்டுத்துளைப்பான் போன்றவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, புழு வெளிவராமலே செய்துவிடும் மிக நுண்ணிய குளவி. அதைப் பெருக்குவதற்கு முதலில் உடைத்த கம்புத் தானியத்தில் நெல் அந்துப்பூச்சியை வளர்க்க வேண்டும். ஏறத்தாழ 40 நாளில் அந்துப்பூச்சிகள் வெளிவரத் தொடங்கும். அவற்றின் முட்டைகளைச் சலித்துத் தூய்மையாக்கி, பசை தடவிய அட்டையில் தூவி, குளவிகளோடு ஒரு பையில் அடைத்து வைத்தால், மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்துவிடும். ஏழெட்டு நாளில் புதிய குளவிகள் வெளியேறிவிடுமாதலால், அதற்குள் அட்டை வயலுக்குப் போயாக வேண்டும் அல்லது குளிர்பெட்டிக்குள் இருக்க வேண்டும். இத்தொழிலில் நாள் குறிப்பதும் முன்னேற்றத்தைப் பார்ப்பதும் வேலையின் உடம்போடு ஒட்டியவை. முட்டை கறுக்கவில்லையென்றால் எந்த நாளில், எந்தத் தட்டில், எதனால் தவறியது என்று அந்த வாரமே கண்டுபிடித்துவிடலாம். படி ஒவ்வொன்றும் செய்பவர் கையில் இருப்பது, பலன் விரைவில் தெரிவது, தவறின் காரணம் தேடினால் கிடைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தில் இலக்கு ஏட்டைக் குறைசொல்ல எவருக்கும் இடமில்லை.

உளவியல் ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968இல் வெளியிட்ட கட்டுரையிலும், பின்னர் கேரி லேதமுடன் சேர்ந்து 1990இல் வெளியிட்ட நூலிலும், 'இயன்றதைச் செய்' என்னும் பொது அறிவுரையைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கே செயல்திறனைக் கூட்டுகிறது என்று காட்டினார். 138 ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்துப் பார்த்து 2016இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை அடைய உதவுகிறது என்றும், அதை எழுதி வைக்கும்போதும் பிறர் அறியச் சொல்லும்போதும் பயன் கூடுகிறது என்றும் முடிவு செய்தது. குழுக் கூட்டத்தில் ஏட்டைத் திறந்து ஒவ்வொருவர் கணக்கையும் வாசிக்கும் முறை, இந்த இரண்டையும் இயல்பாகவே கொண்டிருக்கிறது. ஆயினும் லாக்கும் லேதமும் தம் முடிவுக்குச் சில வரம்புகளையும் சேர்த்தே எழுதினர்: திறன், ஈடுபாடு, தகவல் திரும்பக் கிடைத்தல், புறச்சூழலின் தடைகள் ஆகியவற்றைப் பொறுத்தே இலக்கு பலிக்கும். மேடைப் பேச்சுகளில் இந்த வரம்புகள் காணாமற் போய்விடுகின்றன. 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த மூன்று விழுக்காட்டு மாணவர்கள் மற்ற அனைவரையும்விட அதிகம் பொருளீட்டினர் என்ற கதை இன்றும் தன்னம்பிக்கை வகுப்புகளில் ஆய்வு முடிவாகச் சொல்லப்படுகிறது. அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. எழுதியவர் வென்றார், எழுதாதவர் தோற்றார் என்னும் அந்தக் கதை, தோல்விக்கான பொறுப்பு முழுவதையும் தோற்றவர் தலையிலேயே சுமத்துகிறது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

அந்தப் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்ற கேள்விக்கு 2016ஆம் ஆண்டு கடுமையான விடை தந்தது. அவ்வாண்டு ஆனியில் ஒரு பெண் தம் ஏட்டில், பங்குனிக்குள் நகையை மீட்டு ஒரு கன்றும் வாங்குவது என்று எழுதியிருந்ததாகக் கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. இடையில் நவம்பர் 8 அன்று பெரிய நோட்டுகள் செல்லாதவையாக, கூலியும் காய்கறிப் பணமும் கைக்கு வருவது தடைப்பட்டது. 2017 ஜனவரியில் அரசு மாநிலத்தையே வறட்சி பாதித்ததாக அறிவித்தது. பங்குனிக் கூட்டத்தில் அந்த ஏட்டில் எஞ்சுவது 'நிறைவேறவில்லை' என்ற ஒரு சொல் மட்டுமே. மழை பொய்த்த ஆண்டிலும் ஒரு கூட்டம் தவறாமல் வந்து, சேமிப்பைக் குறைத்தாவது கட்டிய உழைப்புக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. மலைமேல் நிலைமை இன்னும் மோசம். கீழ்ப்பழனி மலைகளின் விருப்பாச்சி மலைவாழையை அசுவினி பரப்பும் முடிக்கொத்து வைரஸ் நோய் பெருமளவில் அழித்தபோது, பத்தாண்டுக் கணக்கில் தோட்டத்தை நம்பிப் போடப்பட்ட குடும்பத் திட்டங்கள் பலவும் கூடவே அழிந்தன. எந்தக் கால அட்டவணையாலும் தடுத்திருக்க முடியாத அழிவு அது.

இங்கே செயல் இலக்கு, விளைவு இலக்கு என்ற வேறுபாடு அடிப்படையானது. வாரந்தோறும் குறித்த தொகையைச் சேமிப்பது செயல் இலக்கு, அதாவது செய்பவரின் கைக்குள் அடங்குவது; மாடு வாங்குவது விளைவு இலக்கு, அதாவது பிறவற்றையும் பொறுத்தது. இவ்வேறுபாட்டை இப்பகுதி மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் சாலை வழியே பழனிக்கு நடந்து போகும் பக்தர், மாலையிட்டு விரதம் காத்துக் கால்நடையாகப் போவதைத் தம் கடனாக ஏற்கிறார். வேண்டிக்கொண்டது கிடைப்பதை முருகனிடம் விட்டுவிடுகிறார். வேண்டுதல் பலிக்காத ஆண்டிலும் நடந்தவர் நடந்தவரே. நேர்த்திக்கடன் காக்கும் இந்த மரியாதையைக் குழுவின் ஏடு காக்கவில்லை.

ஏட்டை வாசிப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. இவ்வழக்கத்தின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. எழுதியவரே தமக்காக வாசிக்கும்போது அது கற்றலாகிறது. கடன் கொடுப்பவர் வாசிக்கும்போது அது கண்காணிப்பாகிவிடுகிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வகுத்த 'பஞ்சசூத்திரம்' எனப்படும் ஐந்து விதிகள், முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன் சுழற்சி, உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்கேடு ஆகியவற்றைக் கொண்டே குழுவின் தரத்தை அளக்கின்றன. நல்ல விதிகள்தாம், ஆனால் தரமதிப்பெண்ணைப் பொறுத்தே கடன் தொகை அமையும்போது, உண்மையான தேவைக்குப் பதில் எளிதில் நிறைவேறும் இலக்கையும் வங்கி விரும்பும் இலக்கையும் எழுதும் பழக்கம் வளர்கிறது. மருத்துவச் செலவுக்கு வாங்கும் பணம் கறவை மாடு என்ற பெயரில் ஏட்டில் ஏறுவதை, குழுக்களோடு பழகியவர் எவரும் அறிவர். அளவுகோலே குறியாகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருக்காது என்பதைப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இலேயே பணக்கொள்கையை முன்வைத்துச் சுட்டிக்காட்டினார்.

இதற்கு மாற்று முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஹெல்சி நோப்பனன் என்ற ஆய்வாளர் வடிவமைத்த 'உள்கற்றல் முறை', எழுத்தறியாத பெண்களும் பயன்படுத்தும் வகையில் படங்களாலான நாட்குறிப்பு ஒன்றைத் தந்தது. வீடு, உணவு, கால்நடை ஆகியவற்றோடு, வீட்டில் அடி விழுகிறதா, முடிவுகளில் பெண்ணுக்குப் பங்குண்டா என்பவற்றையும் உறுப்பினரே படத்தில் குறித்து, சில ஆண்டுகளுக்குத் தம் வாழ்வின் போக்கைத் தாமே பார்க்கலாம். திருச்சியைச் சேர்ந்த 'ஆசா' அமைப்பும் இம்முறையைக் கையாண்டது. பணக்கணக்கில் தென்படாத மாற்றங்களை அது கணக்கில் ஏற்றியது பெரிய செய்தி. ஆனால் பொறுமையும் உடனிருந்து பேசும் பணியாளரும் இல்லாமல் அம்முறை நடக்காது.

மேலும், ஏட்டிலுள்ள இலக்கு உண்மையில் யாருடையது என்பதையும் கேட்டாக வேண்டும். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய கட்டுரையில், எதிர்காலத்தை எண்ணி விரும்புவதும் ஒரு திறனே என்றும், அதைப் பழகும் வாய்ப்பு ஏழைகளுக்குக் குறைவாகவே கிடைக்கிறது என்றும் வாதிட்டார். அடிவாரத்துப் பெண் ஒருவரின் ஏட்டில் கணவரின் கிணற்று மோட்டாரும் மகனின் இருசக்கர வாகனமும் முதலில் இடம்பெற்று, அவருடைய தையல் எந்திரம் மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளப்படுவதில் அந்தக் குறைவு தெரிகிறது. குழு தந்த துணிவில் அவர் பின்னர் இலக்கை மாற்றி, மாட்டுக்கென எழுதிய தொகையைக் காந்திகிராமத்தில் படிக்கச் சேரும் மகளின் கட்டணத்துக்குத் திருப்பினால், ஏடு அதைத் தவறிய இலக்காகவே பதிவு செய்யும். அவர் வாழ்வில் நிகழ்ந்த மிக நல்ல மாற்றம் அதுவாக இருக்கக்கூடும்.

ஆகவே இந்த ஏட்டில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வேண்டும்: இலக்கு தவறினால் காரணம், இலக்கு மாறினால் மாறிய விதம். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் நேரம் வேண்டும். பல குழுக்களின் கணக்கைச் சிறு ஊதியத்துக்கு எழுதித் தரும் கணக்காளர், சேமிப்பையும் தவணையையும் கூட்டி முடிப்பதற்குள் கூட்டமே கலைந்துவிடுகிறது. ஒவ்வொருவரிடமும் 'என்ன ஆச்சு' என்று கேட்டு எழுத அவருக்கு அரைமணி நேரம் தரப்படுவதும், அந்த அரைமணிக்கு ஊதியம் தரப்படுவதும் இவ்வழக்கம் சீர்படுவதற்கு முதல் தேவைகள்.