மைல் கணக்கு

‘அப் இன் தி ஏர்’ (2009) படத்தில் ஜார்ஜ் க்ளூனிக்கு ஒரே லட்சியம்... ஒரு கோடி விமான மைல். சேர்த்து எங்கே போகப் போறே என்று கேட்டால், எங்கேயும் இல்லை, சேர்ப்பதுதான் விஷயம் என்கிறான். வால்டர் கிர்ன் நாவலை ஜேசன் ரீட்மன் அழகாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால், கடைசியில் தங்கைக்கும் அவள் புருஷனுக்கும் உலகம் சுற்றத் தானம் பண்ணுகிறபோதுதான், மைல் என்பது செலவழிக்கிற வஸ்து என்பதே நமக்கு ஞாபகம் வருகிறது.

அன்றைக்காவது ஏர்லைன்ஸ்காரர்கள் அட்டவணை போட்டிருந்தார்கள். அமெரிக்காவுக்குள் போய்வர, ஸீட் இருந்தால், 25,000 மைல். டெல்டா 2015-லும் யுனைடெட் 2019-லும் அதைத் தூக்கிவிட்டன. இப்போது தக்காளி மாதிரி தினம் ஒரு விலை. சம்பாதிப்பதும் பறந்த தூரத்துக்கு இல்லை, கொடுத்த டாலருக்கு. பிறகு எதற்கு ‘மைல்’ என்று பேர்? இன்று திரும்பப் பார்த்தால் க்ளூனியின் ஒரு கோடி கொஞ்சம் பரிதாபமாக இருக்கிறது.

என் ஓட்டு பால் தாமஸ் ஆண்டர்ஸனின் ‘பஞ்ச்-ட்ரங்க் லவ்’வுக்கு (2002). ஆடம் ஸாண்ட்லர் ஒரு கூப்பன் சலுகையில் ஓட்டை கண்டுபிடித்து புட்டிங் கப்பாக வாங்கிக் குவிக்கிறான். (கப்ஸா இல்லை. 1999-ல் ஒரு கலிஃபோர்னியா எஞ்சினீயர் மூவாயிரத்துச் சொச்சம் டாலருக்கு புட்டிங் வாங்கி 12 லட்சம் மைலுக்கு மேல் தேற்றினார்.) காதலி ஹவாயில். மைல் கணக்கில் ஏற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகுமாம். பையன் காசு கொடுத்தே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடுகிறான்.