ஓடிப்போனவர்களின் மறுநாள்

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ ஆங்கிலத்துக்குப் போய், 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பிடித்தது. தமிழ் நாவல் ஒன்றுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. நாமும் கொண்டாடினோம். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தோடு ஒரு வாதமும் வலுத்துவிட்டது. சாதி கடந்த காதலைச் சாவில் கொண்டுபோய் முடிப்பதே நேர்மையான எழுத்து, வேறு விதமாக முடிப்பது சினிமாத்தனம் என்கிறார்கள். பருத்தித்துறையில் நாலு பேர் இருந்து இலக்கியம் பேசினாலும் இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் நெடுநாளாகவே உடன்பாடில்லை.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுவோம். சாவுகள் கற்பனை அல்ல. 2013இல், சாதி கடந்து மணந்த தருமபுரி இளவரசனின் உடல் தண்டவாளத்தருகே கிடந்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், சனம் பார்த்து நிற்க, அப்படியே மணந்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இவற்றை எழுதாமல் விடுகிற இலக்கியம் எதற்கும் உதவாது. ‘பூக்குழி’யின் தொழில்திறனும் பெரியது. ஒரு சாதியின் பெயரைக்கூடச் சொல்லாமல் சாதியின் முழுப் பாரத்தையும் வாசகன் தலையில் இறக்கிவிடுகிறது. தனியே நின்று பிள்ளையை வளர்த்தெடுத்த மாராயி, மருமகளைப் பார்த்துப் பார்த்து ஒப்பாரி வைக்கும் பக்கங்களில், பாசம் எப்படி நஞ்சாகிறது என்பது தெரிகிறது.

சாவில் முடிப்பதோடுதான் எனக்கு வழக்கு. சாவு வந்ததும் எழுத்தாளருக்கு வேலை முடிந்துவிடுகிறது. எழுத வேண்டிய கதையோ அங்கேதான் தொடங்குகிறது.

‘பூக்குழி’யின் மருமகள் சரோஜாவைப் பாருங்கள். பாறைமேல் ஒரு குடிசை. ஊர் பேசாது, மாமியார் ஏசுவாள், புருஷன் சோடா விற்கப் போய்விடுவான். அவள் நாள் முழுக்க அவனுடைய சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறாள். பயப்படுகிறாள், ஏங்குகிறாள், விட்டுவந்த வீட்டை நினைக்கிறாள். இவ்வளவு கொடிய தனிமை ஒரு பெண்ணை என்னவாக ஆக்கும்? புருஷன் குமரேசன்மேல் அவளுக்கு வெறுப்பு வராதா? மாமியாரை ஒருநாள் எதிர்த்து நிற்கமாட்டாளா? பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையை ஊர் எங்கே வைக்கும்? இந்தக் கேள்விகள் வந்து கதவைத் தட்டுகிற நேரத்தில், அவள் ஒளிந்திருக்கும் புதரைச் சுற்றி நெருப்பு வைக்கிறார்கள். சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்கிறது, தப்பியிருக்கலாம் என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்தச் சத்தம் அவளுக்கு உயிரைக் கொடுத்தாலும் வாழ்க்கையைக் கொடுக்கவில்லை. அவள் வளர வேண்டிய பக்கங்களை நெருப்பு தின்றுவிட்டது.

நம்முடைய ஊரிலும் இதே குறைதான். தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தைக் களமாக்கி இயக்கி, 1977இல் வந்த ‘பொன்மணி’, காவலூர் இராசதுரையின் எழுத்தில் உருவான படம். ஈழத்துத் தமிழ்ச் சினிமாவில் அதற்கு நிகராக இன்னொன்றைக் காட்டுவது கஷ்டம். சாதியையும் சீதனத்தையும் அது ஒரே வீட்டுக்குள் வைத்துப் பார்த்தது. ஓடிப்போன பொன்மணி கொல்லப்படுகிறாள். நாம் அழுகிறோம். ஆனால் சீதனத்துக்குக் காத்திருந்தே வயது போகிற அக்கா என்ன ஆகிறாள்? தங்கை ஓடிய வீட்டுக்கு இனிப் பேச்சுக்கால் கொண்டு யார் வருவார்கள்? கொலை இந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. செத்தவளுக்காக அழுவதில், இருப்பவளை மறந்துவிடுகிறோம்.

எங்கள் வடமராட்சியில் இப்படிப்பட்ட காதல்கள் பெரும்பாலும் எப்படி முடிகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். பதிவு எழுதுகிறார்கள், வேறிடத்தில் வீடு எடுக்கிறார்கள், பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். தண்டனை வேறு வழியால் வருகிறது. “அவையோட எங்களுக்குக் கொண்டாட்டம் இல்லை” என்ற ஒரு வசனம் போதும்.

தகப்பனின் செத்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மகள் வருவாளா, வந்தால் என்ன செய்வது என்று கேற்றடியில் நின்று அண்ணன்மார் குசுகுசுப்பார்கள். வந்தவளை ஒருவரும் தடுப்பதில்லை. கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லும் பெண்கள், அவள் கிட்டப் போனதும் கையை எடுத்து முந்தானையால் முகம் துடைக்கிறார்கள். அவள் தனியே குந்தியிருந்து அழுகிறாள், வாய்க்கரிசி போடுகிறாள். அவள் புருஷன் ஒழுங்கையில், மதிலோடு மோட்டார்சைக்கிளை விட்டு நிற்கிறான். பிரேதம் எடுக்கும்வரை அவனுக்கு ஒருவரும் ஒரு தேத்தண்ணி நீட்டுவதில்லை. எட்டுச் செலவுக்கு அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதும் இல்லை. கத்தியை எடுத்தவனைப் பொலிஸ் பிடிக்கலாம். இந்தக் கொடுமைக்கு எந்தக் கோட்டிலும் வழக்கு இல்லை. இதைப் பிடிக்க நாவலால் மட்டும்தான் முடியும்.

கடமையின் கதையும் இந்த வீடுகளுக்குள்ளேயே கிடக்கிறது. தங்கச்சிமாரைக் கரைசேர்க்கும்வரை தன் காதலைத் தள்ளிவைத்து, தள்ளிவைத்தே நாற்பதைத் தாண்டிய அண்ணன்மார் நம்மூரில் எத்தனை பேர்! வெளிநாட்டில் இரவு வேலை செய்து மூன்று சீதனம் அனுப்பிய பிறகு, தான் விரும்பியவளுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற செய்தியைக் கேட்டவன் இருக்கிறான். அவனை ஒருவரும் கொல்லவில்லை. ஆகையால் அவனை எழுதவும் ஆளில்லை.

இதை எழுதத் துணிந்த ஒரு நாவலை அமெரிக்க இலக்கியத்தில் பார்க்கலாம். ஈடித் வார்ட்டன் 1911இல் வெளியிட்ட ‘ஈதன் ஃபுரோம்’. பனி மூடிய மாசசூசெட்ஸ் கிராமம், விளைச்சலில்லாத பண்ணை, நோயாளி மனைவி ஸீனா, அவளுக்கு உதவிக்கு வந்த உறவுக்காரப் பெண் மேட்டி. ஈதன் மேட்டியை விரும்புகிறான். ஸீனா இல்லாத ஒரே ஓர் இரவு இருவரும் ஒரு மேசையில் சாப்பிடுகிறார்கள். ஸீனா தன் கலியாணப் பரிசாக வந்ததென்று எடுக்காமலே வைத்திருந்த சிவப்புக் கண்ணாடி ஊறுகாய்த் தட்டைப் பூனை தட்டி உடைத்துவிடுகிறது. அவர்கள் செய்த பாவம் முழுவதும் இவ்வளவுதான். மேட்டியோடு ஓடிப்போக ஈதன் நினைக்கிறான். அதற்குக் காசு வேண்டும். பொய் சொல்லி முற்பணம் வாங்கலாம் என்று போகிறவன், கடன் கொடுக்க வேண்டியவரின் மனைவி அன்பாகப் பேசிய இரண்டு வார்த்தையில் தலைகுனிந்து திரும்பிவிடுகிறான். கடமை இவ்வளவு சின்ன இடத்தில்தான் ஆளைப் பிடிக்கிறது.

கடைசியில் இருவரும் சாகத் துணிந்து, பனிச்சறுக்கு வண்டியை எல்ம் மரத்தில் கொண்டுபோய் மோதுகிறார்கள். நம்முடைய எழுத்தாளர் அந்த மரத்தடியில் பேனாவை மூடியிருப்பார். வார்ட்டன் மூடவில்லை. இருவரையும் பிழைக்க வைக்கிறார். நொண்டியாகிவிட்ட ஈதன், எழும்ப முடியாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கும் மேட்டி, இருவரையும் பார்த்துக்கொள்ளும் ஸீனா. மூவரும் அதே சமையலறையில் இருபது வருஷங்களுக்கு மேலாக இருக்கிறார்கள். காதலியின் குரலே மனைவியின் குரலாக மாறிவிட்டது. எந்தக் கொலையும் தராத பயம் அந்தச் சமையலறையில் இருக்கிறது.

அது அமெரிக்காவின் கதை, நமக்குப் பொருந்தாது என்று தட்டிக்கழிக்க வேண்டாம். பொலிகண்டியில் பிறந்த தெணியான், ‘பொற்சிறையில் வாடும் புனிதர்கள்’ நாவலில், கோயிலைச் சுற்றிய அந்தணர் வீடுகளுக்குள் போனார். தம்மைத் தள்ளிவைத்த சமூகத்தின் உச்சியில் இருந்தவர்களே தங்கள் உயர்வுக்குள் அடைபட்டு வாடுவதைக் கண்டு எழுதினார். உயிரோடு இருப்பவர்களின் சிறையை எழுத நம் மண்ணிலேயே ஆள் இருந்தார் என்பதற்கு அவரே சாட்சி. அந்த வழியில் பிறகு போனவர்கள் மிகச் சிலர்.

“உண்மையில் சாகிறார்களே, அதைத்தானே எழுதுகிறோம்?” என்பார்கள். உண்மையை முழுதாக எழுதுங்கள். சங்கர் கொல்லப்பட்ட அன்று அவர் மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அவர் பிழைத்தார். பெற்ற தகப்பனுக்கு எதிராக நீதிமன்றம் ஏறினார். 2017இல் தகப்பன் உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தகப்பனை விடுவித்தது. இடையில் கௌசல்யா மறுமணமும் செய்தார். சாதி மீறினால் சாவுதான் என்று கத்தி சொன்ன தீர்ப்பை அவர் ஒவ்வொரு நாளும் இருந்து பொய்யாக்குகிறார். நாவலுக்குப் பின் நாவலாகக் காதலர்களைக் கொன்றுபோடுகிற எழுத்தாளரோ, அந்தத் தீர்ப்பைத் தம்மை அறியாமலே திருப்பி எழுதிக் கொடுக்கிறார். அதைப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பயம் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆகையால் இனி இப்படி முடியும் நாவலைத் துணிவு என்று நான் சொல்லமாட்டேன், எந்தப் பரிசு வந்தாலும். துணிவு என்றால், ஓடிப்போனவளுக்கு அறுபது வயது வரை ஆயுள் கொடுக்க வேண்டும். அவள் தங்கையின் பேச்சுக்கால் குழம்புவதை, அவள் பிள்ளை பேரனாரின் பெயரைக் கேட்பதை, ஒழுங்கையில் நின்ற அந்தப் புருஷன் ஒருநாள் அவள்மேலேயே எரிந்துவிழுவதை எழுத வேண்டும். அதை எழுதியவரே சாதியை எழுதியவர்.